நீரிழிவு உள்ள விருந்தினருக்கு எளிய உணவும் சிற்றுண்டியும்

அறிமுகம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அதாவது, வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். எனவே உங்கள் இல்லத்திற்கு வரும் உறவினர், நண்பர்களுள் ஒருவருக்கேனும் நீரிழிவு இருப்பது இயல்பே.

விருந்தோம்பலில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று, அன்பின் மிகுதியால் இனிப்பையும் சோற்றையும் வற்புறுத்திப் பரிமாறுவது. மற்றொன்று, அச்சத்தின் மிகுதியால் விருந்தினருக்கு மட்டும் கோதுமைக் கஞ்சியும் உப்பில்லாக் காயும் தனியாக வைப்பது. முதலாவது அவருடைய இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. இரண்டாவது அவரைப் பலர் முன்னிலையில் நோயாளியாக்குகிறது. நீரிழிவு உள்ளவருக்கு ஏற்ற உணவு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்ற உணவே. ஒரே சமையலை அனைவருக்கும் ஆக்கி, அளவிலும் நேரத்திலும் கவனம் செலுத்தினால் போதும். அதற்கான எளிய வழிமுறைகளை இப்பக்கம் விளக்குகிறது.

விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

வருகை உறுதியானவுடன் தொலைபேசியில், மற்றவர் இல்லாத நேரத்தில், கீழ்க்கண்டவற்றைக் கேட்டறியுங்கள்.

• வழக்கமாகக் காலை, மதியம், இரவு உணவு உண்ணும் நேரம் எது?
• இன்சுலின் போட்டுக்கொள்கிறாரா, மாத்திரை மட்டுமா? உணவுக்கு எவ்வளவு நேரத்திற்கு முன்?
• சிறுநீரகப் பாதிப்பு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றிற்காக மருத்துவர் விலக்கச் சொன்ன உணவு ஏதேனும் உண்டா?
• இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்த அனுபவம் உண்டா? அப்போது அவருக்கு எவ்வாறு இருக்கும்?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்குப் பருப்பு, கீரை, இளநீர், பழங்கள் ஆகியவற்றைக்கூட மருத்துவர் கட்டுப்படுத்தியிருக்கலாம். அத்தகையவர் தமக்கு வழங்கப்பட்ட உணவு முறையையே பின்பற்ற வேண்டும். இப்பக்கத்தில் உள்ள பட்டியல் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கருவுற்ற காலத்தில் நீரிழிவு ஏற்பட்டுள்ள பெண்களுக்கும் இது பொருந்தும்.

அளவைவிட முக்கியமானது நேரம்

விருந்தினர் இல்லங்களில் நீரிழிவு உள்ளோருக்கு ஏற்படும் உடனடி ஆபத்து, பெரும்பாலோர் எண்ணுவது போல் இனிப்பினால் மட்டும் வருவதன்று. தாமதமான உணவினாலும் வருகிறது.

சாதாரண இன்சுலினும் கலவை இன்சுலினும் பெரும்பாலும் உணவுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு முன் போடப்படுகின்றன. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டுபவை. மருந்தை எடுத்துக்கொண்டபின் உணவு வந்து சேராவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குக் குறையக்கூடும். “இதோ, பத்தே நிமிடத்தில் இலை போட்டுவிடலாம்” என்று நீங்கள் சொல்வதை நம்பி விருந்தினர் ஊசி போட்டுக்கொண்டு, சமையல் முடிய ஒரு மணி நேரம் ஆனால், அந்த ஒரு மணி நேரம் அவருக்கு ஆபத்தானது. வேண்டாம் என்று சொல்லத் தயங்குவது போலவே, பசிக்கிறது என்று சொல்லவும் விருந்தினர் தயங்குவர்.

ஆகவே:

• உணவு ஆயத்தமாகும் உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். உணவு மேசைக்கு வரும் நிலையை எட்டிய பின்னரே ஊசி போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.
• திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா போன்ற நிகழ்ச்சிகளில் நீரிழிவு உள்ள பெரியவர்களை முதல் பந்தியிலேயே அமர்த்துங்கள்.
• அமாவாசை, நோன்பு நாட்களில் பூசை முடியும் வரை காத்திருக்கச் செய்யாதீர்கள். படையலுக்கு முன் உண்பது வீட்டு வழக்கமில்லை என்றால், அவருக்கான உணவைத் தனி அடுப்பில் முன்னதாகவே ஆக்கி வைக்கலாம்.
• உணவு தாமதமாகும் எனத் தெரிந்தால் ஒரு கைப்பிடி சுண்டலும் ஒரு குவளை மோரும் கொடுத்து வையுங்கள். மருந்து நேரத்தையும் அவரே முடிவு செய்யத் தகவலைத் தெரிவியுங்கள்.

தட்டை அமைக்கும் முறை

உணவுத் தட்டை மனத்தளவில் நான்கு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

• இரண்டு பங்கு: மாவுச்சத்து குறைந்த காய்கறிகளும் கீரையும். பொரியல், கூட்டு, அவியல், பச்சடி எதுவும் ஆகலாம். அவரைக்காய், புடலங்காய், சுரைக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், முட்டைக்கோசு, வாழைப்பூ, முருங்கைக்கீரை ஆகியவை ஏற்றவை.
• ஒரு பங்கு: புரதம். கெட்டியான சாம்பார், பருப்புக் கூட்டு, பயறு, முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பனீர்.
• ஒரு பங்கு: சோறு, சப்பாத்தி, இட்லி, தோசை அல்லது சிறுதானியம்.

உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, சேனைக்கிழங்கு, வாழைக்காய் ஆகியவை காய்கறிப் பங்கில் சேரா. சோற்றுப் பங்கில் சேரும். உருளைக்கிழங்கு வறுவல் வைத்த நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும்.

நம் இலைச் சாப்பாட்டில் சாம்பார், இரசம், மோர் என மூன்று முறை சோறு பரிமாறப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி என்றாலும் கணக்கு ஏறிவிடும். சமைத்த வெள்ளைச் சோறு 150 கிராம் அளவில் ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து உள்ளது. அந்த ஒரு கிண்ணச் சோற்றையே மூன்றாகப் பிரித்துச் சாம்பாருக்கும் இரசத்திற்கும் மோருக்கும் வைப்பது நல்லது. மூன்று சுவையும் கிடைக்கும், முறையும் மாறாது. விருந்தினர் கேட்டால் காயும் கூட்டும் மீண்டும் பரிமாறலாம்.

பரிமாறும் வரிசையும் உதவும். முதலில் காய், கூட்டு, சுண்டல் ஆகியவற்றை வைத்து, விருந்தினர் அவற்றை உண்ணத் தொடங்கிய பின் சோற்றைக் கொண்டு வாருங்கள். நார்ச்சத்தும் புரதமும் முதலில் வயிற்றை அடையும்போது உணவுக்குப் பின் சர்க்கரை உயரும் வேகம் குறைகிறது. உண்டபின் 10 முதல் 15 நிமிடங்கள் தெருவில் மெதுவாக நடப்பதும் நன்மை தரும். விருந்தினரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் உடன் நடங்கள்.

ஒரு நாளுக்கான மாதிரி உணவு

கீழ்க்கண்டது பொதுவான வழிகாட்டி. விருந்தினரின் எடை, உழைப்பு, மருந்து ஆகியவற்றுக்கேற்ப அளவு மாறும்.

காலை எழுந்தவுடன்: சர்க்கரை சேர்க்காத தேநீர் அல்லது காபி, ஒரு சிறு குவளை.

காலை உணவு: பச்சைப்பயறு அடை 2, தக்காளிச் சட்னி, அல்லது இட்லி 2 அல்லது 3, காய்கறி நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், வேகவைத்த முட்டை 1.

முற்பகல்: நீர்மோர் ஒரு குவளை, அல்லது கொய்யாப்பழம் 1.

மதியம்: சோறு ஒரு கிண்ணம், கீரைக் கூட்டு, பொரியல், சாம்பார் அல்லது மீன் குழம்பு, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி.

மாலை: சுண்டல் அரைக் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை, சர்க்கரையில்லாத தேநீர்.

இரவு: சப்பாத்தி 2, பருப்பு அல்லது முட்டைப் பொடிமாசு, காய்கறிக் குருமா. தேங்காயின் அளவைக் குறைத்துக்கொள்ளவும்.

இரவு உணவை நெடுநேரம் தள்ளிப்போடாமல் விருந்தினரின் வழக்கமான நேரத்திலேயே கொடுங்கள். இரவு இன்சுலின் போடுபவர் அன்று வழக்கத்தைவிடக் குறைவாக உண்டிருந்தால், அதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

எளிய செய்முறைகள்

1. கொண்டைக்கடலைச் சுண்டல் (4 பேருக்கு)

ஒரு கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைக்கவும். மறுநாள் உப்புச் சேர்த்துக் குக்கரில் 5 அல்லது 6 விசில் வரை வேகவைத்து வடிக்கவும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கடலையைச் சேர்த்துப் புரட்டவும். துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, நறுக்கிய மாங்காய், எலுமிச்சைச் சாறு சேர்த்து இறக்கவும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உள்ளன. கடலை வெந்த நீரை இரசத்திற்குப் பயன்படுத்தலாம்.

2. பச்சைப்பயறு அடை (10 அடைகள்)

இரண்டு கிண்ணம் முழுப் பச்சைப்பயறையும் கால் கிண்ணம் அரிசியையும் 6 மணி நேரம் ஊறவைக்கவும். இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்கவும். மாவைப் புளிக்கவைக்கத் தேவையில்லை. நறுக்கிய வெங்காயம், முருங்கைக்கீரை கலந்து, ஓர் அடைக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு இருபுறமும் வேகவைக்கவும்.

3. காய்கறிக் கோதுமை ரவை உப்புமா (4 பேருக்கு)

ஒரு கிண்ணம் சம்பா கோதுமை ரவையை வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளவும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து, வெங்காயமும் இரண்டு கிண்ணம் நறுக்கிய காய்கறிகளும் வதக்கவும். இரண்டரைக் கிண்ணம் நீர் கொதித்ததும் ரவையைச் சேர்த்து மூடி வேகவைக்கவும். ரவையைவிடக் காய்கறி இரு மடங்கு என்பதே இதன் இரகசியம். முன்னறிவிப்பின்றி வரும் விருந்தினருக்கு அரை மணி நேரத்திற்குள் ஆக்கிவிடலாம்.

4. நீர்மோர்

ஒரு கிண்ணம் தயிருக்கு மூன்று கிண்ணம் நீர் சேர்த்துக் கடையவும். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, சிறிது உப்புச் சேர்க்கவும். குளிர்பானம், பாட்டிலில் அடைத்த பழச்சாறு ஆகியவற்றிற்கு இதைவிடச் சிறந்த மாற்று இல்லை.

அடுப்பின்றி உடனடியாகக் கொடுக்கக்கூடியவை

• வறுத்த பொட்டுக்கடலை அல்லது நிலக்கடலை, ஒரு சிறு கைப்பிடி
• வெள்ளரிக்காய், கேரட், தக்காளித் துண்டுகள், எலுமிச்சையும் மிளகுத்தூளும் தூவியது
• ஊறவைத்த பாசிப்பருப்பும் கேரட்டும் சேர்ந்த கோசுமல்லி
• முளைகட்டிய பச்சைப்பயறு, இலேசாக ஆவியில் வேகவைத்தது
• பப்பாளித் துண்டுகள் ஒரு சிறு கிண்ணம், அல்லது ஆப்பிள் அரைப்பகுதி

தேநீரும் இனிப்பும்

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 முதல் 5 கிராம். ஒரு நாளில் நான்கு உறவினர் வீடுகளுக்குச் செல்லும் ஒருவர், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தேக்கரண்டி சேர்த்த காபி அருந்தினால், 32 முதல் 40 கிராம் சர்க்கரை காபியிலேயே சேர்ந்துவிடும். எனவே தேநீர், காபி ஆகியவற்றை அனைவருக்கும் சர்க்கரையின்றியே கொண்டு வந்து, சர்க்கரைக் கிண்ணத்தைத் தனியே வையுங்கள். அப்போது யாரும் “எனக்குச் சர்க்கரை வியாதி” என்று அறிவிக்க வேண்டிய தேவை எழாது.

பண்டிகை நாளில் ஒரு வாய் பாயசம் அருந்துவதால் மட்டும் நீரிழிவுக் கட்டுப்பாடு குலைந்துவிடாது. ஆனால் விதிமுறை வேண்டும். சிறு கிண்ணத்தில், இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி அளவே வைக்கவும். வெறும் வயிற்றில் கொடுக்காமல் உணவோடு சேர்த்துக் கொடுக்கவும். அன்று சோற்றின் அளவைக் குறைக்கவும். விருந்தினர் மறுத்தால் அத்துடன் விட்டுவிடவும். “ஒன்றே ஒன்று, எனக்காக” என்பது அன்பான சொல்லே ஆயினும், ஒரே நாளில் நான்கு வீடுகளில் அதைக் கேட்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பரவலான தவறான நம்பிக்கைகள்

“வெல்லம், கருப்பட்டி, தேன் சேர்த்தால் தீங்கில்லை.”
தவறு. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோசே. தேனில் குளுக்கோசும் பிரக்டோசும் உள்ளன. மூன்றும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்.

“கேழ்வரகும் சிறுதானியமும் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம்.”
தவறு. சிறுதானியங்களில் நார்ச்சத்து கூடுதல். ஆனால் அவற்றின் மாவுச்சத்து அரிசியைவிட வெகுவாகக் குறைந்ததன்று. அளவு இங்கும் பொருந்தும். மேலும், நன்கு அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ காய்ச்சிய கேழ்வரகு விரைவாகச் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். கீரை சேர்த்த கேழ்வரகு அடை அதைவிட ஏற்றது.

“இனிப்புக் குறைந்த பிஸ்கட்டும் ரஸ்கும் நல்லவை.”
தவறு. இவற்றில் பெரும்பாலானவை மைதா, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றால் ஆனவை. “சர்க்கரை சேர்க்கப்படாதது” என்ற அடையாளம் உள்ள இனிப்புகளிலும் மைதாவும் நெய்யும் இருக்கும். உறையின் பின்புறமுள்ள மாவுச்சத்து அளவைப் படித்துப் பாருங்கள்.

“பழச்சாறு இயற்கையானது.”
சாறு பிழியும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதி நீங்கி, சர்க்கரை தங்கிவிடுகிறது. பழத்தைப் பழமாகவே கொடுங்கள்.

“பாகற்காய், வெந்தயம் உண்டால் அன்று மாத்திரை வேண்டாம்.”
இது ஆபத்தான அறிவுரை. இவை நல்ல உணவுகள், மருந்துக்கு மாற்றல்ல. விருந்தினரின் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ யாரும் ஆலோசனை கூறலாகாது.

இரத்தச் சர்க்கரை குறைந்தால் செய்ய வேண்டியவை

இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் குறைவது தாழ்சர்க்கரை எனப்படும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, தலைச்சுற்றல், காரணமற்ற எரிச்சல், பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். அமைதியானவர் திடீரெனக் கோபப்பட்டாலோ, பேச்சில் தொடர்பின்றிப் போனாலோ, அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அவர் விழிப்புடனும் விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால்:

1. உடனே 15 கிராம் அளவு குளுக்கோஸ் கொடுக்கவும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை அல்லது சர்க்கரையை அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுக்கலாம். பழச்சாறு எனில் அரைக் குவளை, அதாவது சுமார் 120 மில்லிலிட்டர்.
2. 15 நிமிடங்கள் கழித்துக் கருவி இருந்தால் சர்க்கரையை அளக்கவும். 70க்குக் கீழேயே இருந்தாலோ, அறிகுறி நீங்காவிட்டாலோ மீண்டும் அதே அளவு கொடுக்கவும்.
3. சரியானபின் உரிய உணவைக் கொடுக்கவும். அடுத்த உணவுக்கு நேரம் இருந்தால் இட்லி, சப்பாத்தி போன்ற ஏதேனும் ஒன்றைச் சிறிதளவு கொடுக்கவும்.

சாக்லேட், நெய் இனிப்பு ஆகியவற்றை முதலில் கொடுக்க வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை உடலில் சேர்வதைத் தாமதப்படுத்தும். செயற்கை இனிப்பூட்டிகளால் பயனில்லை. விருந்தினர் அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் மாத்திரை உட்கொள்பவரானால், சாதாரணச் சர்க்கரை மெதுவாகவே வேலை செய்யும். குளுக்கோஸ் பொடியே வேண்டும். எனவே விருந்தினர் வருமுன் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வாங்கி வையுங்கள்.

நினைவிழந்தவருக்கோ, வலிப்பு வந்தவருக்கோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் சென்று உயிராபத்தை விளைவிக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

தங்கும் வசதியில் கவனிக்க வேண்டியவை

• திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க இடம் ஒதுக்குங்கள். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.
• பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுங்கள்.
• படுக்கையருகே குடிநீரும் குளுக்கோசும் இருக்கட்டும். இரவில் சர்க்கரை குறைந்தால் இருட்டில் சமையலறையைத் தேட வேண்டியதில்லை.
• கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வீட்டினுள் அணிய ஒரு சோடிக் காலணி கொடுங்கள். வெறுங்காலில் ஏற்படும் சிறு காயத்தை அவர்கள் உணராமல் போகலாம்.

உதவி பெற

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கான மருந்துகள் பயனாளிகளின் இல்லங்களிலேயே வழங்கப்படுகின்றன. விருந்தினர் மருந்தை மறந்து வந்திருந்தால், பிறர் மாத்திரையைக் கடனாகக் கொடுக்காமல், அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தை அணுகவும். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர உதவிக்கு 108.

நினைவில் கொள்க

• அனைவருக்கும் ஒரே சமையல். மாறுவது அளவு மட்டுமே.
• உணவு நேரத்தை உண்மையாகச் சொல்லுங்கள்.
• ஒரு முறை கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.
• குளுக்கோசும் 108 எண்ணும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே. உணவு, மருந்து ஆகியவை குறித்த முடிவுகளை ஒவ்வொருவரும் தம் மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.